சிவப்பு விளக்கு முகமூடி: மங்கு உள்ளவர் போடலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஆறு வருடமாக இரண்டு கன்னத்திலும் மங்கு. இப்போது கண்ணோரம் சுருக்கமும் விழ ஆரம்பித்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் சிவப்பு விளக்கு முகமூடி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். பெட்டியில் ‘ஏழு நிறம், 150 எல்இடி, எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு’ என்று போட்டிருக்கிறது. பத்து நாள், தினமும் அரை மணி நேரம் போட்டேன். மங்கு இன்னும் கறுத்த மாதிரி தெரிகிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் பருவுக்காக டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறாள். அவளும் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். சர்க்கரை உள்ள மாமியாரோ, ‘என் முட்டிக்கு வைத்துப் பார்’ என்கிறார். என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்: முகமூடியை இன்றைக்கே எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதற்கு வேலை இருக்கலாம்.

எந்த நிறத்தை வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வில்லங்கம் அங்கேதான் இருக்க வேண்டும். ஏழு நிறம் என்று விற்கிற முகமூடிகள் பெரும்பாலானவற்றில் ஏழு வகை விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சில்லுகள்தான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் மஞ்சள், சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா, மூன்றும் எரிந்தால் வெள்ளை. ஆக, ஊதாவை வைத்தாலும் வெள்ளையை வைத்தாலும் கன்னத்தில் விழுவதில் ஒரு பங்கு நீல ஒளி. நிறத்தைத் தானாக மாற்றிக்கொண்டே போகும் ‘ஆட்டோ’வில் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மாநிறத் தோலுக்கும் நீல ஒளிக்கும் ஆகாது. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள்; 415 நானோமீட்டர் நீல ஊதா ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தனித்தனியே தோலில் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். முதலாவது தோலைக் கறுக்க வைத்தது. அந்தக் கறுப்பு வாரக்கணக்கில் போகவில்லை. சிவப்பு அப்படிச் செய்யவில்லை. ‘நான் சிவப்பை மட்டும்தான் வைத்தேன்’ என்கிறீர்களா? அப்படியானால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாமல் முகத்தோடு ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக், அதற்குள் அரை மணி நேரம். மங்குக்குச் சூடு எதிரி. வெயிலில் போகாமல் அடுப்படியிலேயே நிற்பவர்களுக்கும் மங்கு விடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சிவப்பு ஒளியில் சரக்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முதுகில் மயிர் மழித்த எலிகள்மேல் வலுக் குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் சீக்கிரம் முளைத்தது. இந்த வைத்தியம் அங்கிருந்துதான் கிளம்பியது. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி, 630 முதல் 660 நானோமீட்டர் வரையான சிவப்பையும் 810 முதல் 850 வரையான அகச்சிவப்பையும் உறிஞ்சுகிறது. அதனால் செல்லின் வேலை சற்றுச் சுறுசுறுப்பாகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

சுருக்கத்துக்குப் பலன் உண்டு, கொஞ்சம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 136 பேர் இருந்தார்கள். ஒளி எடுத்துக்கொண்டவர்கள் வாரம் இரண்டு முறை வீதம் 30 முறை எடுத்தார்கள். தோலின் சொரசொரப்பு குறைந்தது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அடர்த்தி கூடியது. வாரம் இரண்டு முறைதான் என்பதைக் கவனியுங்கள், தினமும் அரை மணி நேரம் அல்ல. முன்வழுக்கைக்கு லேசர் சீப்பு ஒன்றை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007இல் அனுமதித்தது; அதுவும் வாரம் மூன்று முறை வீதம் மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தால்தான் பலன். ஆதாரம் வலுவாக இருக்கும் இடம் அழகு நிலையம் பக்கமே வராதது: புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் எடுக்கும் சில வகை நோயாளிகளுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்க, சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே இதைப் பரிந்துரைக்கின்றன. மற்றபடி ‘வைட்டமின் டி கிடைக்கும்’ என்பது கதை. அதற்குப் புற ஊதா பி கதிர் வேண்டும். சிவப்பு விளக்கில் அது இல்லை. மங்கைப் போக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி அளவு. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒழுங்கான முகமூடி என்றால், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்று பெட்டியில் இருக்கும். அதை விநாடிகளால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் ஜூல் கணக்கு வரும். 30 மில்லிவாட் முகமூடியைப் பத்து நிமிடம் போட்டால் 30 × 600 ÷ 1000, அதாவது 18 ஜூல். அரை மணி நேரம் போட்டால் 54. கூடப் போட்டால் கூடப் பலன் என்று கிடையாது. ஓர் அளவைத் தாண்டினால் பலன் குறையத் தொடங்கும். எலுமிச்சைச் சாதத்துக்கு ஒரு பழத்துக்குப் பதில் நான்கு பழம் பிழிந்த கதைதான்.

மிக அதிக அளவை ஆளாளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, வெள்ளையர் தோல் 480 ஜூல் வரை தாங்கியது. கறுப்பு, மாநிறத் தோல் 320 வரைதான் தாங்கியது. அதற்கு மேல் போனால் கொப்புளமும் நீடித்த சிவப்பும். வீட்டு முகமூடியில் 320ஐத் தொட ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் தோலின் வாசல் தாழ்வானது என்பது நினைவில் இருக்கட்டும். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பெட்டியில் அலைநீளமும் இல்லை, மில்லிவாட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்திருந்தால் ‘ஏழு நிற’த்தோடு அதையும் எழுதியிருப்பீர்கள். ‘எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு’ என்பதில் மயங்காதீர்கள். அது கம்பெனி தன் பெயரைப் பதிவு செய்ததற்கு மேல் ஒன்றுமில்லை. ‘கிளியர்டு’ என்று இருந்து, கே என்ற எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட எண் ஒன்று கொடுத்திருந்தால்தான் அந்தச் சாதனத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண்ணை எஃப்.டி.ஏ. தளத்தில் இலவசமாகத் தேடலாம். நாத்தனாரிடம் ரசீதைக் கேட்டு, விற்றவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: சிவப்பு எத்தனை நானோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், கே எண் என்ன? பதில் வராவிட்டால் நாத்தனார் மனம் நோகாமல் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இந்த ஒரு மாதம் மங்கைக் கவனியுங்கள். சாதா சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்தாது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் சன்ஸ்கிரீன் வாங்கி, முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். தோல் மருத்துவரைப் பார்க்கும்போது, கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். மங்கு பழைய நிலைக்கு வந்து, அவரும் சரி என்றால், மீண்டும் ஆரம்பிக்கலாம். சிவப்புப் பொத்தான் மட்டும். ரெட்டினால், கிளைகாலிக் அமிலம் எதுவும் அன்று பூசியிருக்கக் கூடாது. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, காதுக்குக் கீழே தாடை மூலையில் மட்டும் ஒளி படும்படி மற்ற இடத்தைத் துணியால் மறைத்து, ஐந்து நிமிடம், வாரம் மூன்று நாள், இரண்டு வாரம். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில் படம் எடுங்கள். குளியலறைக் கண்ணாடியை நம்பக் கூடாது. கறுக்கவில்லை என்றால் முழு முகத்துக்குப் பத்து நிமிடம், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து. கன்னம் சுடுவதாகத் தோன்றினால் உடனே எடுத்துவிடுங்கள். தோல் சிவந்தது மறுநாளும் போகாவிட்டால் நேரத்தைப் பாதியாக்குங்கள். கறுத்தால் நிறுத்திவிடுங்கள், இரண்டாவது வாய்ப்பு வேண்டாம். கண்ணோரச் சுருக்கத்தில் வித்தியாசம் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

கண்ணை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். இமை வழியே சிவப்பு ஒளி உள்ளே போகும். ஒளி புகாத கண்மூடியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். சில முகமூடிகளில் பாதி விளக்குகள் எரியாதது போலத் தெரியும். கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அவை அகச்சிவப்பு. போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் மங்கலான ஊதாவாக எரிவது தெரியும். கண்ணுக்குத் தெரியாததால் கண் தானாகச் சிமிட்டிக்கொள்ளாது, அதுதான் ஆபத்து. சீனாவில் கிட்டப்பார்வைக்காகச் சிவப்பு லேசர் கருவியை ஐந்து மாதம் பார்த்துவந்த 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதித்தது 2023இல் மருத்துவ இதழில் வெளியானது. நிறுத்திய பிறகு ஓரளவு மீண்டது. அந்தக் கருவி வேறு, உங்கள் முகமூடி வேறு, விழித்திரை ஒன்றுதான்.

மகளுக்கு இப்போது வேண்டாம். டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களின் தோல் ஒளி பட்டால் எளிதில் எரிந்து சிவக்கும். அது முக்கியமாகப் புற ஊதாவோடுதான் வம்பு செய்யும். ஆனால் நீல ஒளி அதற்கு அடுத்த வீடு. பருவுக்கு நீலமும் சிவப்பும் சேர்ந்த ஒளி ஓரளவு வேலை செய்யும் என்பது உண்மைதான். அதை மாத்திரை முடிந்த பிறகு, பரு ஆறினால் கறுப்புத் தழும்பு விழுகிற தோலா என்று பார்த்து, அவளுடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மாமியார் முட்டிக்கு இந்த முகமூடியால் ஒன்றும் ஆகாது. மூட்டுத் தேய்மானத்துக்கு லேசர் சிகிச்சை வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதில் மூட்டைச் சுற்றிப் பல புள்ளிகளில் கருவியை வைத்து, 785 முதல் 860 நானோமீட்டர் கருவி என்றால் புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் கொடுக்க வேண்டும். பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும் பெரிய சிவப்புக் குமிழ் விளக்கு அது இல்லை. அது வெறும் சூடு. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும். அழைத்துப் போகும்போது, பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் மோனோஃபிலமெண்ட் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். பிறகு ‘இது விளக்கா, லேசரா, ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல்?’ என்று கேளுங்கள்.