ஸ்பெயினுக்கும் பிரிட்டனுக்கும் தனி வழி

வணக்கம். உங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (patent) தரப்போவதாக ம்யூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன் ஐந்துக்கும் ஒருங்கிணைந்த காப்புரிமை (ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகளில் ஒன்றாகச் செல்லும் Unitary Patent) ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. 2023 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள அது முதல் மூன்று நாடுகளில்தான் செல்லும். ஸ்பெயின் அதில் சேரவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை.

கெடு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். காப்புரிமை வழங்கிய அறிவிப்பு அந்த அலுவலகத்தின் காப்புரிமை இதழில் வெளியான நாளிலிருந்து ஒரே மாதத்துக்குள் ஒருங்கிணைந்த காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பெயினில் பதிய மூன்று மாதம் உண்டு. எந்தெந்த நாடு வேண்டும் என்பதை இன்றே உங்கள் காப்புரிமை வழக்கறிஞருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒருங்கிணைந்த காப்புரிமைக்கு ஒன்றியத்தின் வேறொரு மொழியில் முழு மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதை ஸ்பானிஷில் செய்யச் சொல்லுங்கள், ஸ்பெயின் அலுவலகம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்தே. ஒரே செலவில் இரண்டு வேலையும் முடியும். பிரிட்டனுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

இத்தாலியில் உங்களுக்கு உண்மையிலேயே வியாபாரம் இருக்கிறதா? ஒருங்கிணைந்த காப்புரிமையின் ஆண்டுக் கட்டணம் நான்கு நாடுகளின் கட்டணத்தைக் கூட்டி நிர்ணயித்தது. பிற்பாடு ஒரு நாட்டை மட்டும் கழற்றிவிடவும் முடியாது. ஜெர்மனியும் பிரான்ஸும் போதுமென்றால், அங்கேயும் மொழிபெயர்ப்பு கேட்பதில்லை என்பதால், ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் போவதே நல்லது என்பேன்.