சீனர்களை அதிகம் குழப்பும் சாதாரண ஆங்கிலச் சொல் எது?

கேள்வி இதுதான்: சீன மொழி பேசுபவர்கள் ஆங்கிலம் கற்கும்போது எந்தச் சாதாரணச் சொல் அவர்களை அதிகம் படுத்துகிறது, ஏன்?

என் ஓட்டு 'ஹார்ட்' என்ற சொல்லுக்கு. இதயம் இல்லை, கடினம் என்று பள்ளியில் படித்தோமே, அது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. சீனர்கள் வாயிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். சீனாவின் பொது மொழியான மாண்டரினில் சொற்கள் ட், க், ப் போன்ற ஒலிகளில் முடிவதே இல்லை என்பதால் கடைசி ஒலி பாதி விழுங்கப்பட்டுவிடும்.

தென் சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் இருந்தபோது, மாலை நேரங்களில் உடன் வேலை பார்த்த சிலருக்கு ஆங்கிலம் பேசப் பழக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. தொடக்கப் பள்ளியிலிருந்தே படித்தவர்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் 750 மதிப்பெண்ணில் 150 ஆங்கிலத்துக்கு. கல்லூரிக்குப் போனால் அங்கேயும் நான்காம் நிலை, ஆறாம் நிலை என்று தேசிய ஆங்கிலத் தேர்வுகள். இதற்கெல்லாம் தடித்தடியான சொற்பட்டியல் புத்தகங்களை மனப்பாடம் செய்வார்கள். அகர வரிசையில் போவதால் பல புத்தகங்களில் முதல் சொல்லே 'அபாண்டன்', அதாவது கைவிடு. முதல் பக்கத்திலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பழைய ஜோக் உண்டு.

அந்தப் புத்தகங்களில் ஹார்ட் என்ற சொல்லுக்கு எதிரே வழக்கமாக மூன்று பொருள் இருக்கும். 'யிங்' என்றால் தொட்டால் கெட்டியாக இருப்பது. 'நான்' என்றால் செய்யச் சிரமமானது (உச்சரிப்பு ஏறக்குறைய நம் 'நான்' மாதிரியேதான்). 'நூலி' என்றால் முயன்று, உழைத்து. மூன்றும் சரியான பொருள்தான். ஆனால் எந்த இடத்தில் எது என்று அந்த ஒற்றை வரி சொல்வதில்லை.

முதல் பொருளில் தகராறே கிடையாது. ஹார்ட் டிஸ்க், ஹார்ட்வேர், உப்புக் கலந்த கடின நீர், ஹார்ட் கரன்சி எல்லாவற்றையும் சீனர்களும் 'யிங்' போட்டே சொல்கிறார்கள். ரயிலில் மலிவான உட்காரும் வகுப்புக்குப் பெயர் 'யிங் ஸுவோ', கடின இருக்கை. ஆங்கிலத்திலும் அதை 'ஹார்ட் சீட்' என்றே பெயர்த்திருக்கிறார்கள். மரப்பலகையாக இருக்குமோ என்று வெளிநாட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். இப்போதெல்லாம் மெத்தை வைத்த இருக்கைதான். நம் ஸ்லீப்பர் கோச் போல மூன்றடுக்குப் படுக்கை கொண்டது 'யிங் வோ', கதவு வைத்த அறையில் நான்கு படுக்கை என்றால் 'ருவான் வோ', மென்படுக்கை.

வில்லங்கம் எல்லாம் இரண்டாவது பொருளில்தான். சீனத்தில் 'நான்' என்பதோடு ஒரு வினையைச் சேர்த்தால் பல நேரம் 'சிரமம்' என்ற பொருளே போய்விடும். ச்சி என்றால் சாப்பிடு. 'நான் ச்சி' என்றால் சாப்பிடக் கஷ்டம் என்று நினைப்போம், ஆனால் அர்த்தம் வாயில் வைக்க முடியாத ருசி என்பது. 'நான் திங்' என்றால் கேட்கச் சகிக்கவில்லை. 'நான் கான்' என்றால் பார்க்க அசிங்கம். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? கேன்டீனில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஒரு மீன் குழம்பைத் தட்டில் போட்டுக்கொள்ளப் போனார். எங்கள் ஆள் ஒருவர் அக்கறையாக, 'இட் இஸ் ஹார்ட் டு ஈட்' என்று தடுத்தார். அவர், 'ஓ, முள் அதிகமா? பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்' என்று இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார். ஒரு வாய் வைத்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பில். சீனத்தில் 'எனக்குப் புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்கிறது' என்பதை 'நான் (இது நம் தமிழ் நான்), மிகக் கஷ்டம், புரிந்துகொள்' என்ற வரிசையில் சொல்வார்கள். வேற்றுமை உருபு என்ற ஒன்றே அந்த மொழியில் இல்லை. அதனால் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் வெரி ஹார்ட் டு அண்டர்ஸ்டேண்ட்' என்று வரும். கேட்பவருக்கு அது 'என்னைப் புரிந்துகொள்வது ரொம்பக் கஷ்டம்' என்று போய்ச் சேரும். ஏதோ காதல் தோல்வி வசனம் மாதிரி! தமிழர்கள் இதில் அவ்வளவாக மாட்டுவதில்லை. நம்மிடம் 'எனக்கு' இருக்கிறது, அதனால் 'ஃபார் மீ' தானாக வாயில் வந்துவிடுகிறது.

மூன்றாவது பொருளில் 'லி' என்ற வால் வந்து கெடுக்கும். சீனத்தில் வினைக்கு முன்னால் வரும் அடைக்கு 'த' என்று ஒரு துணை எழுத்து சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இணை 'லி' என்று பள்ளியில் பாடம். ஆகவே ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒருவர் பெருமையாக, 'இந்த வருடம் ஐ ஒர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தார். ஆனால் 'ஹார்ட்லி' என்றால் 'ஏறக்குறைய இல்லவே இல்லை' என்று பொருள். வேலையே பார்க்கவில்லை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நல்லவேளை, படிவம் மேலே போவதற்குள் பார்த்துவிட்டேன்.

வாழ்க்கை கஷ்டம், காலம் கஷ்டம் என்று சொல்லும் இடத்தில் சீனர்களுக்கு வருவது 'கூ', கசப்பு. பாடுபடுவது அங்கே 'ச்சி கூ', கசப்பைச் சாப்பிடுவது. வேலை முடித்தவரிடம், டெலிவரி கொண்டுவந்தவரிடம், வாத்தியாரிடம் எல்லாம் 'ஷின்கூ லெ' என்பார்கள். நாம் 'உங்களுக்குத்தான் சிரமம்' என்கிறோமே, அதே தொனி. அதை 'யூ ஒர்க்ட் ஹார்ட்' என்று பெயர்த்தால், மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுப்பதுபோல் விறைப்பாகிவிடுகிறது. வெறும் 'தேங்க் யூ' போதும் என்றால் பலருக்கு மனசு ஒப்பாது.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு, ஆங்கிலம் 'ஹார்ட்' போடாத இடத்தில் சீனம் 'யிங்' போடுவது. தோற்றாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆளை அவர்கள் 'ஸுய் யிங்' என்பார்கள், வாய் கெட்டி. அதை 'ஹார்ட் மவுத்' என்று பெயர்த்தால் ஆங்கிலேயர் தலையைச் சொறிவார்.

நீங்கள் யாருக்காவது சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், பொருள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்தே கொடுங்கள்: ஹார்ட் ஒர்க், ஹார்ட் கொஸ்டின், ஹார்ட் ஃபார் மீ. ஹார்ட்லி என்பதை இந்தக் குடும்பத்திலேயே சேர்க்காமல் தனிச் சொல்லாக, வேறொரு நாளில் நடத்துங்கள். காது மந்தத்தைச் சொல்லும் 'ஹார்ட் ஆஃப் ஹியரிங்' மாதிரியானவற்றுக்கு இப்போது அவசரம் இல்லை, படிக்கப் படிக்கத் தானாக வரும்.