60 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரே நாளில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்க முடியுமா?

முடியும். ஆனால் காலை டிபனை முடித்துவிட்டு சென்னையிலிருந்து நிதானமாகக் கிளம்புவதாக இருந்தால் ராஜகிரியை மறந்துவிடுங்கள். தூரம் சுமார் 160 கி.மீ. போய்ச் சேரும்போது உச்சி வெயில். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். பிற்பகலில் மேலே ஏற விடுவதையும் நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் இரவே திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிட்டு, கோட்டை திறந்ததும் உள்ளே போவதுதான் சரி.

பலரும் செய்யும் தவறு, அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் முதலில் சுற்றுவது. போட்டோ எடுத்தே ஒன்றரை மணி நேரம் போய்விடும். நேராகப் படிக்கட்டுக்குப் போங்கள். கட்டடங்களை இறங்கி வந்து பார்க்கலாம், அவை எங்கும் போய்விடாது.

உயரம் ஏறத்தாழ 800 அடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை, அதுதான் முழங்காலைப் பிடிக்கும். மூச்சு வாங்கிய பிறகு உட்காராமல், ஐம்பது படிக்கு ஒருமுறை வாங்குவதற்கு முன்பே அம்மாவை உட்கார வையுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அதில் பாதி இறங்குவதற்கு. செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ வேண்டும். மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம், கருங்கல் வழுக்கும். குரங்குகள் கேரி பேக்கைக் கண்டால் பறிக்கும். எல்லாவற்றையும் ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள், படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

உச்சிக்குச் சற்று முன் மலை பிளந்து நிற்கும், குறுக்கே ஒரு சிறிய பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. 1690இல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயப் படை 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது. ஏன் என்று அங்கே நின்று பார்த்தால் புரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடலாம்.

பயமுறுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். 70 வயதில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் கால் நடுங்குவது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, இறங்கும்போது. உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள, இதே கோட்டையின் கிருஷ்ணகிரி மலை போதும். உயரம் குறைவு, மேலே களஞ்சியங்களும் மண்டபமும் உண்டு.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதன் சுவரில் சாவியால் காதலி பெயரைக் கீறிவிட்டுப் போகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, பக்கத்துப் பூச்சையும் கழற்றிக்கொண்டு வரும். உங்களோடு வரும் பிள்ளைகளிடம் இதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.