உவர் நெல் படிக்கக் கேட்கும் மகள்: பூநகரியிலிருந்து எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

மகளுக்கு மருத்துவத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி காணாது. அவளோ உப்பில் விளையும் நெல்லை மரபணு மாற்றி உருவாக்கும் படிப்புத்தான் வேண்டும் என்று நிற்கிறாள். "வயலில மாரடிச்சது எங்களோட போகட்டும் எண்டுதான் படிப்பிச்சனான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் பிள்ளையை விடுங்கள், படிக்கட்டும்.

நாற்றுப் பருவத்தில் உவர் ஏறினால் இலை நுனி வெளுத்துச் சுருளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேர்வழி ஏறும் சோடியம் இலையில் சேர்ந்து செய்கிற வேலை அது. செடியின் கலத்துக்குள் புன்வெற்றிடம் என்றொரு பை உண்டு. சோடியத்தை அதற்குள் தள்ளிவிட்டால் கலம் பிழைக்கும். அப்படித் தள்ளும் மரபணுவைக் கூடுதலாக இயங்க வைத்து, தாவர ஆராய்ச்சியாளர் எடுவார்டோ புளும்வால்டின் குழு 2001 இல் ஒரு தக்காளியை வெளியிட்டது. கடல்நீரில் உள்ள உப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கலந்த நீரிலும் அது காய்த்தது. உப்பு இலையோடு நின்றது, பழத்தில் ஏறவில்லை.

ஆனால் அந்தத் தக்காளி இன்னும் சந்தைக்கு வரவில்லை. உப்பைத் தாங்குவது ஒரேயொரு மரபணுவின் காரியமும் இல்லை. கண்ணாடி வீட்டில் தாங்கிய செடி, வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்து வரும் சிறுபோக வயலில் கைவிடலாம். இலங்கையில் மரபணு மாற்றிய பயிர் எதுவும் வணிகத்துக்குப் பயிரிடப்படுவதில்லை. ஆகவே அந்தப் பெயரில் இங்கே வேலை மிகக் குறைவு என்பதை மகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உவர் நிலத்துக்கென்று இங்கே வந்த ஏ.ரி. 354 (At 354) என்ற நெல் இனம், உப்பைத் தாங்கும் கேரளத்துப் பொக்காளி நெல்லோடு வழக்கமான இனக்கலப்பு செய்து அம்பலாந்தோட்டையில் உருவானது. இனக்கலப்புக்கும் மரபணு அறிவு வேண்டும். பொக்காளியில் உப்பைத் தாங்க உதவும், சால்ட்டோல் என்று பெயரிட்ட நிறமூர்த்தப் பகுதி எந்த நாற்றில் இறங்கியிருக்கிறது என்று ஒரு இலைத்துண்டை வைத்தே இப்போது கண்டுபிடிக்கிறார்கள்.

அதனால்தான் உயிர்த்தொழில்நுட்பப் பட்டத்துக்கு நேரே போகாமல் முதலில் விவசாயம் படிக்கச் சொல்கிறேன். யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. 4 வருடப் பட்டம். முடித்தால் விவசாயத் திணைக்களம், விதைக் கம்பனிகள், வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு என்று வாசல் பல. ஆராய்ச்சி ஆசை அப்போதும் குறையாவிட்டால் பேராதனையில் பட்டப்பின் படிப்பில் மூலக்கூற்று உயிரியலுக்குத் திரும்பலாம். அப்புறம், பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். கம்பஸ் தொடங்கும்வரை சும்மா இருக்கவிடாமல் இப்போதே ஆங்கிலத்துக்கு அனுப்புங்கள். புள்ளிவிபரவியலும் கொஞ்சம் பார்க்கட்டும், வயல் பரிசோதனை முழுக்க அதில்தான் நிற்கிறது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் வந்ததும் யாழ்ப்பாணம், பேராதனை இரண்டின் விவசாயத்தையும் விருப்ப வரிசையில் மேலே போடச் சொல்லுங்கள். கிளிநொச்சி மாவட்டத்துக்குப் போன வருட வெட்டுப்புள்ளியையும் பார்த்து, படிவம் அனுப்ப முன் வரிசையை எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.