நின்ற கடிகாரத்தை விடுங்கள், பிப்பின் கைகளைப் பாருங்கள்

“எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ பற்றிய கட்டுரையில், மிஸ் ஹாவிஷாம் வீட்டில் நின்றுபோன கடிகாரங்கள் உறைந்துபோன காலத்தின் குறியீடு என்று எழுதினேன். ‘இது எல்லா கைடுகளிலும் இருக்கிறது, நீ என்ன பார்த்தாய்?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். குறியீட்டை எப்படித்தான் கண்டுபிடித்து எழுதுவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில், அந்த வாக்கியமே பாதிதான் உண்மை. அந்த வீட்டில் காலம் உறையவே இல்லை. கல்யாண நாளன்று மாப்பிள்ளை வரமாட்டான் என்ற கடிதம் வந்த எட்டு நாற்பதிலேயே மிஸ் ஹாவிஷாம் கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிட்டாள், ஒரு கால் ஷூவைக்கூட இன்னும் போடவில்லை, எல்லாம் சரி. ஆனால் வெள்ளைக் கல்யாண உடை மஞ்சளாகிவிட்டது, தலை நரைத்துவிட்டது, கேக்கில் சிலந்திகள் ஓடுகின்றன, எடுத்து வளர்த்த எஸ்டெல்லா கண்ணெதிரே பெரியவளாகிறாள். காலம் நிற்க வேண்டும் என்று ஒரு பெண் பிடிவாதம் பிடிக்கிறாள், அது கேட்கவில்லை. இப்படி எழுதினால் கடிகாரத்தோடு அவள் மனசும் சேர்ந்து வந்துவிடும்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இதுதான். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சாதாரணப் பொருளையோ உடலுறுப்பையோ பிடித்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக இரண்டாவது முறை படியுங்கள், அது வரும் இடத்தில் எல்லாம் யார் அதைத் தொடுகிறார், அதற்கு முன்னும் பின்னும் அந்த ஆளிடம் என்ன மாறியது என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். இந்த நாவல் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்தது. அத்தனை மாதம் தொடர்ந்து படிப்பவருக்கு ஒவ்வோர் ஆளையும் நினைவில் நிறுத்த டிக்கன்ஸுக்கு இப்படித் திரும்பி வரும் சின்ன விஷயங்கள் பெரிதும் உதவியிருக்கும், அதனால் இதில் தேடினால் நிறையவே கிடைக்கும்.

நான் பிடித்துக்கொள்வது கைகளை. கதையின் நாயகனான சிறுவன் பிப் எஸ்டெல்லாவோடு சீட்டு ஆடும்போது, எவ்வளவு முரட்டுக் கைகள் என்று அவள் ஏளனம் செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி வெட்கப்படவே தோன்றாதவன் அன்றைக்கு வெட்கப்படத் தொடங்குகிறான். கொல்லுப்பட்டறை வேலை, தன்னை வளர்க்கும் அக்கா கணவர் ஜோவின் பாசம் எல்லாமே அவனுக்குக் கௌரவக் குறைவாகத் தெரிய ஆரம்பிப்பது அந்த ஒரு பேச்சுக்குப் பிறகுதான். ஆனால் ஜோவின் கையைப் பாருங்கள், இரும்படிக்கும் அதே கை பிப்பின் தோளில் ஒரு பெண்ணின் கைபோல மெதுவாக விழுகிறது. வக்கீல் ஜாகர்ஸ் வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருக்கிறார், கட்சிக்காரர்களின் குற்றம் ஒட்டக்கூடாது என்பதுபோல. அவர் வீட்டு வேலைக்காரி மாலியின் விரல்கள் அசைவதைப் பார்த்துத்தான் அவள் எஸ்டெல்லாவின் தாய் என்று பிப்புக்குப் பிடிபடுகிறது. முரட்டுக் கை என்று சிரித்தவளின் பிறப்பு ஒரு வேலைக்காரியின் கைகளில் தெரிகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். அப்புறம், தீப்பிடித்த மிஸ் ஹாவிஷாமைக் காப்பாற்றப்போய் பிப்பின் இரண்டு கைகளும் வெந்துபோகின்றன.

நீங்கள் கட்டுரையை நிறுத்த வேண்டிய இடம் மாக்விட்ச், சிறுவயதில் பிப் சாப்பாடு கொடுத்து உதவிய தப்பியோடிய கைதி. தன்னைப் பணக்காரனாக்கியது அந்தக் கைதிதான் என்று தெரியாத நிலையில், அவன் இரண்டு கைகளையும் நீட்ட, பிப் மனசில்லாமல் தன் கைகளைக் கொடுக்கிறான், அவன் அவற்றைத் தூக்கி முத்தமிடுகிறான். உண்மை தெரிந்ததும் பிப்புக்கு அருவருப்புதான். கடைசியில், சாகக் கிடக்கும் மாக்விட்ச் அதே கையை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோக முயல்கிறான், அவனுக்கு அந்தத் தெம்பு இல்லை. இந்த முறை பிப்பே இசைந்து கொடுத்து, அது உயர உதவி செய்கிறான். இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து, எஸ்டெல்லா சொன்னதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். கடிகாரத்துக்கு ஒரு பத்தி போதும்.