இருபத்தெட்டு மொர்தாத்

கேள்வி: 1979-ல் ஈரான் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தில் 52 பேரை 444 நாள் பிடித்து வைத்திருந்தார்கள் என்று படித்தேன். அமெரிக்கா மேல் ஏன் அவ்வளவு கோபம்? மதம்தான் காரணமா?
- கல்லூரி மாணவி, தேனி

பதில்: மதத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் கோபம் அங்கே தொடங்கவில்லை அம்மா.

1990-களில் துபாய் தேராவில் ஒரு மசாலா மண்டியில் கணக்கு எழுதினேன். முதலாளி ஈரானியர், அபாதான்காரர். அவருடைய அப்பா அங்கே பிரிட்டிஷ் கம்பெனியின் எண்ணெய் ஆலையில் தொழிலாளி. அமெரிக்கா பற்றிப் பேச்சு வந்தால் முதலாளி 1979-ஐச் சொல்லமாட்டார். "இருபத்தெட்டு மொர்தாத்" என்பார். அவர்கள் நாட்காட்டித் தேதி அது. நமக்கு 1953 ஆகஸ்ட் 19. அப்போது அவருக்குப் பத்து வயது.

அன்றுதான் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்தார்கள். 1951-ல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியவர் அவர். ஈரான் எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் தடுத்த பிரிட்டன், அப்புறம் அமெரிக்காவையும் உள்ளே இழுத்தது. கவிழ்ப்பை நடத்த அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அனுப்பிய கெர்மிட் ரூஸ்வெல்ட், முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரன். முதல் முயற்சி தோற்று, மன்னர் ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கே போய்விட்டார். சில நாளில் காசுக்குச் சேர்த்த கூட்டமும் டாங்கிகளும் தெஹ்ரான் தெருவில் இறங்கின. ஷா திரும்பினார். இதில் உள்ளூர் ராணுவ அதிகாரிகளுக்கும், ஏன், சில மதகுருக்களுக்கும்கூடக் கை இருந்தது. மொசாதேக்குக்கு மூன்று வருடச் சிறை. பிறகு 1967-ல் சாகும்வரை வீட்டுக்காவல். 1954-லேயே ஈரான் எண்ணெயில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதப் பங்கு கிடைத்தது. எனக்கு இன்றும் ஆறாத இடம் இதுதான்.

ஏனென்றால், அதற்கு முன் ஈரானியர்கள் அமெரிக்கர்களை நம்பினார்கள். ஹோவர்டு பாஸ்கர்வில் என்ற 24 வயது அமெரிக்க வாத்தியார், 1909-ல் தப்ரீஸ் நகரில் ஈரானியர்களின் அரசியல் சட்டத்துக்காக மன்னர் படையை எதிர்த்துப் போரிட்டு உயிரை விட்டார். கல்லறையும் அந்த ஊரில்தான். அந்தப் பெயரைச் சொல்லும்போது முதலாளியின் குரல் தழுதழுக்கும்.

1979 அக்டோபரில், புரட்சியில் நாட்டை விட்டு ஓடிய ஷாவைச் சிகிச்சைக்கென்று அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. மறுபடியும் 1953 வருகிறது என்று மாணவர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. தூதரக ஊழியர்களைப் பிடித்து வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியாது. முதலாளியும் அது தப்பு என்றுதான் சொல்வார்.

அந்தக் கவிழ்ப்பு தன் வேலைதான் என்று சி.ஐ.ஏ. ஒப்புக்கொள்ளும் ஆவணம் 2013-ல்தான் வெளியானது. படித்ததும் முதலாளிக்குப் போன் போட்டேன். மகன் எடுத்தார். அவர் போய் இரண்டு வருடமாகியிருந்தது.