பெட்டிக்குள்ள யூத ஆவி இருக்கா?

கேள்வி: பழைய சாமான் கடையில இருந்து வீட்டுக்காரர் ஒரு மரப்பெட்டி வாங்கிட்டு வந்தார், மூடியில ஹீப்ரு எழுத்து செதுக்கியிருக்கு. தங்கச்சி பையன் பாத்துட்டு "பெரியம்மா, இது டிப்புக் பாக்ஸ், தொறந்தா ஆவி வந்துரும்"னுட்டான். ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. கடல்ல போட்ரவா?

பதில்: அய்யோ வேணாம்மா. டிப்புக் பாக்ஸ் கதைக்கு வயசே இருபத்து சொச்சம்தான். 2003ல அமெரிக்காவுல ஒருத்தர் பழைய ஒயின் அலமாரி ஒண்ண ஈபேல வித்தார், உள்ள ரெண்டு பழைய காசு, முடிக்கத்தை, காஞ்ச ரோஜா மொட்டு இருக்கு, கூடவே ஆவியும் இருக்குன்னு எழுதி. அது படம் வரைக்கும் போச்சு, கடைசில 2021ல அவரே "நான் கட்டிவிட்ட கதைதான்"னு ஒத்துக்கிட்டார். அட, விக்கத் தெரிஞ்ச மனுஷன்!

நிஜ யூதக் கதையில டிப்புக் பெட்டியில குடியிருக்காது, ஆள்மேலதான் ஏறும். பேருக்கே ஒட்டிக்கிறதுன்னுதான் அர்த்தம். பாவம் பண்ணி செத்து போக்கிடம் இல்லாம அலையற உயிர் அது, 16ம் நூற்றாண்டுல, இப்போ இஸ்ரேல்ல இருக்கற கலிலேயா பக்கம் சஃபேத் ஊர்ல இந்தக் கதைங்க நெறைய எழுதி வச்சிருக்காங்க, பாதிக்கு மேல ஆம்பள ஆவி பொம்பளமேல ஏறுனதுதான் (அதுக்கு வேற காரணம் இருக்கும்னு எனக்கு தோணும், அத விடுங்க). ஓட்டறதுக்கு பத்து ஆம்பளைங்க கூடி பைபிள்ல வர்ற 91ம் சங்கீதம் சொல்லி ஆட்டுக்கடா கொம்பு ஊதி, நீ யாரு, எதுக்கு வந்தன்னு ரபி (யூத மத குரு) கேப்பார், நம்மூர் பூசாரி கேக்குற மாதிரியேதான். போறப்போ கால் சுண்டுவிரல் வழியாத்தான் போகணும்னு கண்டிஷன் வேற, தொண்டை வழியா போனா ஆளுக்கே ஆபத்தாம்.

பேய அடைக்கிற சாமான் யூதங்ககிட்ட இல்லாம இல்ல. சுமார் 1500 வருஷம் முன்னாடி இராக்ல நிப்பூர் பக்கம் மண் கிண்ணத்துக்குள்ள அரமேய மொழியில சுத்திச் சுத்தி மந்திரம் எழுதி வீட்டுத் தரைக்கடியில கவுத்துப் புதைச்சாங்க, ஆனா அது வீட்டக் காக்க வச்சது.

உங்க பெட்டி மூடியில காசு போடற அளவுக்கு ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா அது தர்ம உண்டியலா இருக்கலாம், யூதங்க வீட்ல சகஜமா வச்சிருக்கறதுதான். இல்லன்னா எழுத்த போட்டோ எடுத்து ஹீப்ரு தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. தங்கச்சி பையன்கிட்ட மட்டும் காட்டாதீங்க.